கர்ப்பத்தில் முடக்குவாதம் ஏன் தணிகிறது?

மும்பை மாதுங்காவில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூட விரல் மடங்காது. ஐந்தாம் மாதத்தில் பார்த்தால் மாவு நிறைந்த தூக்கை அவரே தூக்கிக்கொண்டு வருகிறார். 'பிள்ளை வந்த வேளை' என்கிறார் மாமியார். சரி, வேளை இருக்கட்டும், ஹார்மோனும் இருக்கிறதே!

குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. அந்தப் பாதி அந்நியத்தை அம்மாவின் உடல் ஏன் விரட்டுவதில்லை என்று நோய் எதிர்ப்பியல் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953-லேயே கேட்டுவிட்டார். பதிலில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு. எதிர்ப்பு சக்தியின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி அணுக்கள்; அவற்றில் அழற்சியைக் கிளப்புபவற்றை அது அடக்கி, அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் இன்னொரு வகை டி அணுக்களுக்குக் கைகொடுக்கிறது, ஈஸ்ட்ரோஜனும் கார்டிசாலும் கூடவே ஏறுகின்றன, அதில் பலருக்கு மூட்டு வீக்கமும் வடிகிறது.

எதிர்ப்பு சக்தியே படுத்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதன் போக்குதான் மாறுகிறது. எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் சிலருக்கு அதிகமாகலாம். ஃப்ளூ வந்தால் கர்ப்பிணிகளைக் கடுமையாகவே தாக்கும், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரசவமானதும் ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும், அடுத்த சில மாதங்களில் வலி பலருக்குத் திரும்பிவிடும். அதனால் மூட்டு மருத்துவரிடம் பிரசவத்துக்கு முன்பே பேசி, பால் கொடுக்கும்போது எந்த மாத்திரை ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.