தேவனஹள்ளி மூடுபனியும் ஓர் ஆட்டோ பேரமும்

அல்சூரிலிருந்து, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கம் நள்ளிரவுக்குப் பின் ஆட்டோவில் போக நினைப்பவர்கள், ஏறுவதற்கு முன்பே கட்டணத்தையும் இறங்குமிடத்தையும் தெளிவாகப் பேசிவிட வேண்டும். பெங்களூரில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மீட்டர் தொகையில் ஒன்றரை மடங்கு வாங்கலாம் என்பது விதி. என்னை ஏற்றிக்கொண்டவர் விதியைப் பற்றிப் பேசவே இல்லை. "நீங்களும் தமிழ், நானும் தமிழ், பார்த்துக் குடுங்கண்ணா" என்று உறவு கொண்டாடியவர், ஹெப்பாள் மேம்பாலம் தாண்டியதும் காலியாகத் திரும்பி வருவதற்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். சாதஹள்ளி சுங்கச்சாவடிக்கு முன்பே சர்வீஸ் சாலையில் ஓரங்கட்டி, மேலே போவதென்றால் இன்னும் 300 ரூபாய் என்றார். விமான நிலையப் பேருந்தில் போயிருந்தால் அந்த 300 ரூபாய்க்குள் மொத்தப் பயணமும் முடிந்திருக்கும். கொடுக்க மனமில்லாமல் அங்கேயே இறங்கிக்கொண்டேன்.

அக்கா மகன் இருசக்கர வண்டியில் வந்து அழைத்துப் போனான். வளிமண்டலக் கொந்தளிப்பை ஆராயும் மாணவன் அவன். சனவரி மாத இரவுகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு காலி நிலத்தில் கருவிக் கம்பம் நட்டு, மூடுபனிக்காகக் காத்திருப்பது அவன் வேலை. "ஸ்வெட்டர் போதாது மாமா, கம்பளி கொண்டு வாங்க" என்று அவன் சொன்னதை மதித்தது நல்லதாகப் போயிற்று. எந்தப் பேருந்து, என்ன செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கம்பத்தைப் பற்றி எழுதாமல் மற்றதை எழுதக் கை ஓடவில்லை.

கம்பத்தில் வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகளும் ஈரப்பதமானிகளும் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் நாயகம், ஒலியைக் கொண்டு காற்றை அளக்கும் சோனிக் அனிமோமீட்டர்தான். வானிலை நிலையங்களில் சுழலும் கிண்ணங்களைப் போல அதில் அசையும் உறுப்பு எதுவுமே கிடையாது. ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்தபடி மூன்று ஜோடி முனைகள் இருக்கின்றன; ஒவ்வொரு ஜோடியும் காதுக்கு எட்டாத ஒலித் துடிப்புகளை இரு திசையிலும் மாறி மாறி அனுப்புகிறது. காற்றின் போக்கில் செல்லும் ஒலி சற்று முந்தியும், எதிர்த்துச் செல்லும் ஒலி சற்றுப் பிந்தியும் போய்ச் சேரும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, 15 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 2.6 மைக்ரோநொடிதான். அதைப் பிடித்து, முப்பரிமாணத்திலும் காற்றின் வேகத்தை நொடிக்கு 20 முறை கணக்கிட்டுவிடுகிறது. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால் காற்றின் வெப்பநிலையும் கூடவே கிடைத்துவிடுகிறது. சராசரி வேகத்தைக் கழித்த பின் எஞ்சும் ஏற்ற இறக்கங்கள்தான் கொந்தளிப்பு. செங்குத்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தை வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தோடு பெருக்கி அரை மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால், நிலத்திலிருந்து மேலே எவ்வளவு வெப்பம் போகிறது, அல்லது மேலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவிக்கு எமன் பனித்துளி. முனைகளில் நீர் கோத்துக்கொண்டால் ஒலி தடைபட்டு எண்கள் தாறுமாறாகிவிடும். மூடுபனியை அளக்க வைத்த கருவி மூடுபனியிலேயே திணறுவதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். பிற்பாடு அந்த எண்களைச் சலித்தெடுக்க வேண்டிய அவனுக்குச் சிரிப்பு வராது.

கொந்தளிப்பு என்றதும் விமானம் குலுங்குவதைத்தான் நாம் நினைக்கிறோம். அதற்கு சுழல் சிதைவு வீதம் என்று தனியாக ஓர் அளவு இருக்கிறது. விமானம் பெரியதா சிறியதா என்பதைச் சாராமல் காற்றின் நிலையைச் சொல்லும் அளவு அது. ஆனால் அந்த நிலத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது, நம் அன்றாடத்தைக் கூடுதலாகப் பாதிப்பது தரையை ஒட்டிய இந்தச் சின்ன நடுக்கம்தான். மேகமில்லாத இரவில் நிலம் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. காற்று அசையவே இல்லையென்றால் ஈரமெல்லாம் புல்லில் பனித்துளியாகப் படிந்துவிடும்; பலமாக வீசினால் மேலே இருக்கும் வெப்பமான, உலர்ந்த காற்று கீழே கலந்து மூடுபனியை உருவாகவிடாது. இரண்டுக்கும் நடுவே, குளிர்ச்சியையும் ஈரத்தையும் மெல்ல மேலே பரப்பும் அளவுக்கு மட்டும் கலக்கல் இருக்க வேண்டும். அந்த அளவு எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்காகத்தான் இத்தனை இரவுக் காவல்.

இங்கே பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராம்தாஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சி. வி. ராமனின் மாணவரான அவர், 1932இல் ஆத்மநாதனோடு சேர்ந்து ஒரு விந்தையான முடிவை வெளியிட்டார்: அமைதியான இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரையன்று, தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கும் காற்று. கனமான குளிர்காற்று, வெப்பமான தரையின் மேல் கவிழாமல் எப்படி நிற்கும் என்று உலகம் நெடுங்காலம் நம்ப மறுத்தது. 1990களில் ரொத்தம் நரசிம்மாவும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரில் இதற்கு விளக்கம் தேடினார்கள். பின்னர் அதே ஊரின் ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் ஆய்வு, காற்றில் மிதக்கும் துகள்களைக் காரணமாகக் காட்டியது. பாடநூலில் ராமனுக்குப் பக்கங்கள் ஒதுக்கும் நாம் ராம்தாஸுக்கு ஒரு வரியாவது ஒதுக்கலாம்.

அதிகாலையில் மூடுபனி வந்தது. முதலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெண்படலம். பிறகு கம்பத்தின் உச்சி மறைந்தது. ஓடுபாதையில் பார்வைத்தூரம் 550 மீட்டருக்குக் கீழே போனால், சாதாரண வசதியுள்ள கருவிவழித் தரையிறக்கத்துக்கு இடமில்லை. அந்தத் தூரத்தை அளக்க, இதே ஊரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' கருவி நாட்டின் பல விமான நிலையங்களில் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி, மூடுபனி இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எப்போது கலையும் என்று சொல்லாது. அதற்குக் கொந்தளிப்பின் கணக்கு வேண்டும். டெல்லி விமான நிலையத்தில் 2015-16 குளிர்காலத்தில் தொடங்கிய மூடுபனி ஆய்விலும் இதே வகைக் கருவிகள்தான் நிற்கின்றன.

சூரியன் ஏறியதும் மடிக்கணினித் திரையில், இரவெல்லாம் ஏறத்தாழ நேர்கோடாகக் கிடந்த செங்குத்து வேகம் மெல்லத் துடிக்கத் தொடங்கியது. நிலம் சூடேறி, சுழல்கள் எழும்பி, பனியைக் கீழிருந்தே கரைத்தன. கண்ணுக்குக் கம்பத்தின் உச்சி தெரிவதற்கு முன்பே கோடு அதைச் சொல்லிவிட்டது. அந்த ஒரு காட்சிக்கு ஆட்டோக்காரர் இன்னொரு 300 கேட்டிருந்தாலும் தகும் என்று எழுதினால், அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

காலை உணவு தேவனஹள்ளியில் ஒரு சிறிய கடையில். தட்டு இட்லி பஞ்சுபோல, மேலே வெண்ணெய், கெட்டிச் சட்னி காரசாரமாக. இருவருக்கும் சேர்த்து ஆன செலவு இரவு ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்டதில் பாதிகூட இல்லை. சாம்பாரில் மட்டும் வெல்லம். எத்தனை ஆண்டு இந்த ஊரில் இருந்தாலும் அதை என் நாக்கு மன்னிக்காது.

ஆய்வு நிலத்துக்கு வெளியார் அனுமதியின்றிப் போக முடியாது. ஆர்வமுள்ளவர்கள் இந்திய அறிவியல் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் திறந்த நாளுக்குப் போகலாம். நுழைவு இலவசம், யஷ்வந்த்பூர் ரயில் நிலையத்திலிருந்து அருகில்தான். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் கூட்டம் தாங்காது.