சில நாள் விளையாடவில்லை

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனுக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். அது தவறா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் பேசியது தவறு என்பது தெரியும். அதிலும் சில நாள் சந்தேகம் வருகிறது.

முழு ஆண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஏழாம் வகுப்பு. கட்டுரைத் தலைப்பு என்னவென்று சொல்லவே வேண்டாம். தமிழாசிரியர் யாரும் அந்த வாரத்தில் வேறு தலைப்புக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கால அட்டவணை தினம் ஒரு முறை மாறிக்கொண்டிருக்கும், நமக்கும் தொண்டை பழக வேண்டும். 'விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் ஒரு பாடவேளை அமைதியாகப் போகும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, ஒன்றரைப் பக்கம்.

வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர்க்காரன் ஐந்து வரி எழுதியிருந்தான். "விடுமுறையில் நான் எங்கும் போகவில்லை. காலையில் எழுந்தேன். மாலையில் விளையாடினேன். சில நாள் விளையாடவில்லை. பள்ளி திறந்துவிட்டது." பிழை ஒன்றும் இல்லை. ஒற்றுக்கூடச் சரி. நான் மூன்று போட்டு, சிவப்பு மையில் 'விரித்து எழுதுக' என்று எழுதினேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் மேசை அருகே வந்து நின்றான். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே வழி கேட்கிறவனைப் போலக் கேட்டான்.

"இன்னும் என்ன எழுத வேண்டும், அம்மா?"

"எங்கே போனாய், என்ன பார்த்தாய், யார் வந்தார்கள், இப்படி."

"எங்கும் போகவில்லையே, அம்மா."

"வீட்டில் இருந்தால்கூட எவ்வளவோ நடந்திருக்குமே."

கொஞ்சம் யோசித்தான். பிறகு, "நீங்கள் என்ன செய்தீர்கள், அம்மா?" என்றான்.

இந்தக் கேள்வியை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் குத்தல் இருந்ததா? இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கணக்கில் ஒரு மாதிரியைப் போட்டுக் காட்டச் சொல்வதில்லையா, அப்படிக் கேட்டான். ஆனால் வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டது. ஆசிரியருக்கும் ஒரு வீடு உண்டு என்பது அந்த வயதில் பெரிய செய்தி.

"கடலுக்குப் போயிருந்தோம்" என்றேன்.

போகவில்லை. அந்த விடுமுறையில் நான் எங்கும் போகவில்லை. சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அலை, ஈர மணல், சூரியன் எழும்போது தண்ணீரின் நிறம் எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் விரித்துச் சொன்னேன். நாற்பது பேரும் ரசித்துக் கேட்டார்கள். அவனும் கேட்டான். "சரி, அம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

ஏன் சொன்னேன் என்பதற்குப் பல காரணங்கள் வைத்திருக்கிறேன். கட்டுரையை எப்படி விரிப்பது என்று எடுத்துக்காட்டினேன் என்பது முதல் காரணம். கொஞ்ச நாள் அதை நானே நம்பினேன். தன் சொந்த விஷயத்தை வகுப்பில் கடை பரப்ப வேண்டியதில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என்றாலும் உண்மையைச் சொல்லியிருந்தால் அது அவனுடைய ஐந்து வரியைவிட நீண்டிருக்காது. அந்த ஐந்து வரிக்குத்தான் ஐந்து நிமிடத்துக்கு முன் மூன்று மதிப்பெண் போட்டிருந்தேன்.

சரி, என்னதான் செய்தேன்? முதல் நான்கு நாள் காய்ச்சல். அது ஒவ்வோர் ஆண்டும் வருவதுதான். ஆசிரியர்களுக்கு உடம்புகூடக் கடைசி வேலை நாள் வரை காத்திருந்துவிட்டுத்தான் படுக்கும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கேலி உண்டு. ஓய்வு தொடங்கியதும் வருகிற இந்த நோவுக்கு ஒரு பெயரே வைத்து, நெதர்லாந்து உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸ் தம் சகாக்களோடு 2002-இல் கட்டுரை எழுதியிருக்கிறார். அதைப் பற்றிப் படித்தபோது பிந்திக் கிடைத்த மருத்துவச் சான்றிதழ் போல இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாரம் விடைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் மணி அடிக்காமலே மணிக்கு மணி விழித்துக்கொண்டேன். நடுவில் ஒரு பதினைந்து நாள் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று நாள்காட்டி சொல்கிறது, எனக்கு நினைவில்லை. பகலில் தூங்கியிருப்பேன். படிக்க எடுத்து வைத்த புத்தகங்கள் எடுத்து வைத்த வரிசையிலேயே இருந்தன. கடைசிப் பத்து நாளும் எண்ணுவதிலேயே போனது. புதிய பாடக்குறிப்பு ஏடு வாங்கினேன், தவறான புத்தகத்தோடு வகுப்பில் நிற்பதாகக் கனவு கண்டேன். முன்னுரையும் முடிவுரையும் உண்டு, பொருளுரை இல்லை. இதை எப்படி ஏழாம் வகுப்பில் சொல்வது?

வெளியில் சொல்வதும் எளிதாக இல்லை. "உங்களுக்கு என்ன, சம்பளத்தோடு லீவு" என்று யாராவது சொன்ன உடனே நான் பட்டியல் போடத் தொடங்கிவிடுவேன்: திருத்தினேன், பயிற்சிக்குப் போனேன், தேர்வுப் பணி பார்த்தேன், வினாத்தாள் தயாரித்தேன். அவர் என்னவோ போகிற போக்கில் சொன்னதுதான். என் வாய்தான் நிற்காது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1966-இல் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையில், முழு ஊதியத்தோடு போதிய ஆண்டு விடுமுறை பெறுவது எல்லா ஆசிரியர்களுக்கும் உரிமை என்று ஒரு பிரிவு இருக்கிறது. உலக ஆசிரியர் நாளாக அக்டோபர் 5-ஐக் கொண்டாடுவதே அந்தப் பரிந்துரையின் நினைவாகத்தான். அந்த நாளில் பேனாவும் பூவும் வாங்கியிருக்கிறேன், அந்தப் பிரிவை யாரும் வாசித்துக் கேட்டதில்லை. ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குப் பல இடங்களில் விடுமுறை மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. அவர்கள் முன்னால் நான் இந்த உரிமையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசக் கூச்சமாக இருக்கிறது.

உரிமைதான் என்றால், அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று நான் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிக்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகத்தானே விடுமுறை என்று சக ஆசிரியர்களிடம் வாதாடுகிறவளும் நான்தான்.

எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர், விடுமுறை விட்ட அன்றே அது முடிந்துவிட்டது என்று வருத்தப்படத் தொடங்குவார். வேறொருவர் இரண்டாவது வாரமே வந்து ஆய்வகத்தை ஒழுங்குபடுத்துவார், கேட்டால் வீட்டில் பொழுது போகவில்லை என்பார். அவரைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரித்ததில் கொஞ்சம் பயமும் இருந்தது, நாளை நமக்கும் இதே கதிதானோ என்று.

இடையில் நடந்த ஒரு கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. விடுமுறையில் பிள்ளைகள் ஒரு மாதப் படிப்பை மறந்துவிடுகிறார்கள், ஆராய்ச்சியே சொல்கிறது, ஆகவே வீட்டுப்பாடம் நிறையக் கொடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். அந்த ஆராய்ச்சியைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதியது. ஏறத்தாழ ஒரு மாத இழப்பு என்பது அதில் இருக்கத்தான் செய்கிறது. கணக்கில் இழப்பு கூடுதல் என்பதும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. பழைய தேர்வுகள் மதிப்பெண்ணை அளந்த முறையே கோளாறானது, இழப்பு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பால் வான் ஹிப்பெல் 2019-இல் எழுதினார். கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தேனா என்றால், இல்லை. வீட்டுப்பாடம் கொடுத்தேன். நாள்தோறும் ஒரு பக்கம் நாட்குறிப்பு. பள்ளி திறந்ததும் நாற்பது நாட்குறிப்புகள் மேசைமேல் வந்து குவிந்தன, நான் ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பக்கமும் கடைசிப் பக்கமும் பார்த்துக் கையெழுத்திட்டேன். அவன் நாட்குறிப்பில் நடுப்பக்கங்களில் என்ன எழுதியிருந்தான் என்று எனக்குத் தெரியாது.

அவன் ஐந்து வரியில் நான்காவது வரியை மட்டும் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! "சில நாள் விளையாடவில்லை." விளையாட ஆள் இல்லாத நாளா, உடம்பு சரியில்லாத நாளா, வீட்டில் ஏதாவது நடந்த நாளா? விரித்து எழுதுக என்று நான் எழுதியிருக்க வேண்டியது அந்த வரிக்கு நேராக. மொத்தத்துக்கும் கீழே எழுதிவிட்டேன். இப்போது இப்படிச் சொல்வதும் ஒரு தப்பித்தல்தானோ என்னவோ. அந்த வரியைக் குடைந்து கேட்டிருந்தால் அவன் நான்காவது வரியையும் எழுதாமல் போயிருப்பான். ஐந்து வரியோடு தேர்வு எழுதினால் அவனுக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? விரிக்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விடுமுறைக்கும் சேர்த்து.

அடுத்த விடுமுறையில் நாங்கள் கடலுக்குப் போனோம். இரண்டு நாள். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம், நான்தான் பிடிவாதமாக ஏற்பாடு செய்தேன். ஓய்வுக்காகப் போனேனா, சொன்ன பொய்யை நேர் செய்யப் போனேனா என்று தெரியவில்லை. மணலில் உட்கார்ந்துகொண்டு, போன ஆண்டு வகுப்பில் சொன்னதில் எதுவெல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரின் நிறம் நான் சொன்னபடி இல்லை. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்த மூன்றாம் வாரமே தேர்வுத் தாளும் பாடக்குறிப்பும் கழுத்தைப் பிடித்தன, போனதே மறந்துவிட்டது. ஜெர்மனியில் 131 ஆசிரியர்களை விடுமுறைக்கு முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. விடுமுறையால் கிடைத்த தெம்பு ஒரு மாதத்துக்குள் கரைந்துவிட்டதாம், வேலைப்பளு கூடியவர்களுக்கு இன்னும் விரைவாக. எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதே பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலும் நான்தான் தமிழ். அதே முதல் வாரம், அதே தலைப்பு. மாற்றலாம் என்று நினைத்தேன், மாற்றவில்லை. இந்த முறை அவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கடலுக்குப் போனானாம். அலை, ஈர மணல், சூரியன் எழும்போது தண்ணீரின் நிறம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, எல்லாம் அதனதன் இடத்தில். அவன் உண்மையில் போயிருக்கலாம், கடல் எல்லோருக்கும் பொதுதானே. தண்ணீரின் நிறத்தை மட்டும் நான் அன்று வகுப்பில் சொன்னபடியே எழுதியிருந்தான்.

எட்டு போட்டேன். கீழே எதுவும் எழுதவில்லை.

நோட்டை வாங்கிக்கொண்டவன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றான்.

"நீங்கள் இந்த லீவில் எங்கே போனீர்கள், அம்மா?"

"எங்கும் போகவில்லை" என்றேன். "வீட்டில்தான் இருந்தேன்."

அவன் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தது போலிருந்தது. பின்னால் நோட்டு வாங்க நான்கு பேர் நின்றார்கள். "சரி, அம்மா" என்று விலகிப் போனான்.