1962 யாங்கீஸ் பந்து: மான்டில் கையெழுத்து மட்டும் உதைக்கிறது

நியூஜெர்சியில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்ற இடத்தில் இந்தப் பேஸ்பால் பந்து கிடைத்தது. சுற்றிலும் நீல பால்பாயிண்டில் கையெழுத்துகள், எல்லாம் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காரர்கள், அதில் அந்தக் கால நட்சத்திரங்கள் மிக்கி மான்டிலும் ரோஜர் மாரிஸும் உண்டு. கூடவே தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சான்றிதழ். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். 1990களில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று போலிக் கையெழுத்துக் கும்பலை வளைத்தபோது அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூடச் சிக்கின, அந்த மாதிரிச் சரக்கெல்லாம் சான்றிதழோடுதான் விற்பனைக்கு வந்தது.

முதலில் பார்த்தது பந்தை, கையெழுத்தை அல்ல. பந்து தயாரித்த ரீச் கம்பெனியின் முத்திரை, யாங்கீஸ் ஆடும் அமெரிக்கன் லீக்கின் தலைவர் ஜோ குரோனின் பெயர். குரோனின் அந்தப் பதவியில் இருந்தது 1959 முதல் 1973 வரை, 1977இலிருந்து லீக் பந்துகள் ராலிங்ஸ் கம்பெனியுடையவை. ஆக, பந்து சரியான காலத்தது. மான்டில் பெயரோடு, 1984இல் லீக் தலைவரான பாபி பிரவுனின் முத்திரை இருந்தால் தப்பு என்று சொல்லிவிட முடியாது, மான்டில் ஓய்வுபெற்ற பிறகும் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போட்டவர். ஆனால் 1948இல் இறந்த பேப் ரூத்தின் பெயர் குரோனின் பந்தில் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை.

அப்புறம் பெயர்களை வைத்து வருடம் கண்டுபிடித்தேன், இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். ஜிம் பவுட்டனும் ஜோ பெப்பிடோனும் இருக்கிறார்கள், இருவரும் அணிக்கு வந்ததே 1962இல். பில் ஸ்கோவ்ரனும் இருக்கிறார், அவரை அந்த சீசன் முடிந்ததும் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் ரால்ஃப் ஹவுக், வழக்கப்படி தையல்கள் நெருங்கி வரும் 'ஸ்வீட் ஸ்பாட்' இடத்தில். 1962 தவிர வேறு வருடம் பொருந்தவில்லை. போலி போடுகிறவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களின் கையெழுத்தை எல்லாம் பழகிக்கொண்டு இருக்க மாட்டான்.

லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பேனா தோலை அழுத்திய பள்ளம் தெரிகிறது, அச்சடித்த நினைவுப் பொருள் பந்தில் அது இருக்காது. ஸ்கோவ்ரன் பெயரின் நடுவே தோலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. மை அந்த வெடிப்புக்குள் இறங்கவில்லை, இரண்டு பக்கமும் அறுந்து நிற்கிறது. அதாவது எழுதிய பிறகுதான் தோல் வெடித்திருக்கிறது.

இதுவரை எல்லாம் நல்லபடி. சிக்கல் பெரிய தலைகளிடம். மிக்கி மான்டில் என்று ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு 'எம்', மாரிஸில் ஒன்று. இந்தப் பந்தில் மூன்றும் அச்சு அசலாக ஒரே 'எம்', அதே சாய்வு, அதே பேனா, கோடு முடியும் இடத்தில் வேகமே இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. அந்தக் காலத்தில் கட்டுக்கட்டாகப் பந்துகள் வரும், நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு நேரமோ பொறுமையோ இல்லாவிட்டால் உடைமாற்றும் அறை ஊழியரே அவர்கள் பெயரைப் போட்டுவிடுவார். 'கிளப்ஹவுஸ் கையெழுத்து' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது, ஆனால் விலை என்று வந்தால் அது கையெழுத்தே இல்லை. சுற்றியிருக்கும் இருபது பெயர் அசலாக இருப்பதும் மான்டிலுக்குச் சாட்சி ஆகாது.

ஒப்பிட எடுத்துக்கொண்டது 1960களில் மான்டில் கையெழுத்திட்ட காசோலைகளின் படங்களை. 1980களில் கண்காட்சிகளில் போட்ட, பெரிய வளைவுகள் உள்ள கையெழுத்தை அளவுகோலாக வைத்தால் அந்தக் கால அசல்கூடப் போலியாகத்தான் தெரியும். காசோலையோடும் இது ஒத்துவரவில்லை. மாரிஸும் அப்படித்தான்.

அதனால் விலை போடும்போது இந்த இரண்டு பெயரையும் கழித்துவிட்டேன், ஒரு 1962 அணிப் பந்தின் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போய்விடுகிறது. மிச்சமிருப்பதில் கனமான பெயர்கள் யோகி பெர்ராவும் வைட்டி ஃபோர்டும், இரண்டும் எனக்குச் சரியாகவே படுகின்றன. கையெழுத்தைச் சரிபார்த்துத் தரும் பிஎஸ்ஏ அல்லது ஜேஎஸ்ஏ நிறுவனத்துக்கு அனுப்பினால் எவை அசல், எவை கிளப்ஹவுஸ் என்று கடிதத்தில் பிரித்தே எழுதித் தருவார்கள், கட்டணம் கொஞ்சம் கடிக்கும். விற்பதாக இருந்தால்தான் அந்தச் செலவு, இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை.