ஊதாப் பூவுக்கு ஒரு பெயர்

ஆகஸ்ட் 24
ஈரப் புல்வெளியில் கால் வைத்தால் தண்ணீர் பிதுங்குகிறது. புல்லுக்கு நடுவே நூறு நூறாய் ஊதாப் பூ. கானாவாழை வகையாக இருக்கும் என்று நினைத்து, நேர் எதிரே நின்று பத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25
கானாவாழை இல்லை. அதற்கு மூன்று தனித்தனி இதழ்; இதில் எல்லாம் ஒட்டி, மேலுதடு கீழுதடு என்று வாய் மாதிரி இருக்கிறது. அப்படியானால், இப்படியே உதடு வைத்த பூ பூக்கும் லிண்டர்னியா என்ற சிறு செடியா? அதற்குப் பூவின் முதுகில் இருக்கும் பச்சை உறையான புல்லிவட்டம் ஐந்து பிரிவு, ஆனால் என் பத்துப் படத்திலும் பூவின் முதுகே தெரியவில்லை! சொந்தச் சோம்பேறித்தனம்தான், வேறு யாரைச் சொல்வது.

ஆகஸ்ட் 31
இன்று குனிந்து, கைலென்ஸ் வைத்து, முதுகிலிருந்து ஆரம்பித்தேன். புல்லி இரண்டே இரண்டு. அடியில் கூராக ஒரு வால் நீண்டிருக்கிறது. தண்டில் இலை கிடையாது. சரி, லிண்டர்னியாவும் இல்லை, இது யூட்ரிகுலேரியா, பூச்சி தின்னும் கூட்டம். உறுதி செய்ய ஒரே ஒரு செடியைச் சேற்றோடு எடுத்து தட்டில் அலசினேன். வேரே இல்லை, நூல் போன்ற கொடியில் ஊசித்தலை அளவுகூட இல்லாத பைகள். பை உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி ஒடுங்கிக் காத்திருக்கும், வாசல் முடியை ஏதாவது தொட்டால் கதவு திறந்து ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அதை உறிஞ்சிவிடும். டார்வினே 1875-ல், இரை தானாகத் தலையை நுழைத்து உள்ளே போகிறது என்றுதான் தவறாக எழுதினார், நான் கானாவாழை என்றதில் தப்பில்லை போல.

செப்டம்பர் 6
அப்புறம் எந்த இனம்? பக்கத்துப் புல்லை முறுக்கிச் சுற்றி ஏறும் பூத்தண்டு, கீழுதட்டு மேட்டில் வெளிர் நிறத்தின் மேல் வலை பின்னியது போல ஊதா நரம்புகள். யூட்ரிகுலேரியா ரெட்டிகுலேட்டா. பெயருக்கே வலை போன்றது என்றுதான் பொருள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, ஒருபருவச் செடி, நெல் வயலிலும் வரும். இதே யூட்ரிகுலேரியாவில் இன்னொரு இனமான கிராமினிஃபோலியாவோ என்று ஒரு மணிநேரம் குழம்பினேன், அந்த வலைதான் காப்பாற்றியது. உலர்த்தி அழுத்திய மாதிரியில் இந்த நிறமெல்லாம் மங்கிவிடும், அதனால் படம் இன்றே எடுத்தேன், இந்த முறை முதுகையும் சேர்த்து.

டிசம்பர் 21
புல்வெளி காய்ந்து வெடித்திருக்கிறது. பூ ஒன்றுகூட இல்லை. ஒரு புல்லில் மட்டும் பழுப்பு நூல் ஒன்று, இன்னும் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு.