மேல் தட்டில் எது, கீழ்த் தட்டில் எது? படப்புத்தக நாட்குறிப்பு

ஜூன் 3

புதுப் படப்புத்தகத்தைப் பெரியவர் இரண்டு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். முதல் முறை எழுத்துப் பக்கம் கண்ணே போகக் கூடாது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை அப்படித்தான் பார்க்கும். பெரும்பாலும் 32 பக்கங்கள்தான், ஐந்து நிமிட வேலை. 'முயல் பயப்படவில்லை' என்று எழுதியிருக்கும்; எதிரே பக்கம் கொள்ளாத ஓநாய் பல்லைக் காட்டி நிற்கும். குழந்தை மனதில் தங்குவது ஓநாய். இரண்டாம் முறை வாய்விட்டு வாசிக்கவும். குரல் எங்கே தடுக்கிறதோ அங்கே ஒரு துண்டுக் காகிதம் வைக்கவும். யோசிக்க வேண்டியது அந்தப் பக்கங்களைத்தான், முழுப் புத்தகத்தையும் அல்ல.

ஜூன் 5

கொடுப்பதா, ஒளிப்பதா என்று இரண்டே வழியாகப் பார்ப்பதில்தான் பாதிச் சிக்கல். மூன்று இடம் வேண்டும். குழந்தை தானே எடுத்துக்கொள்ளக் கீழ்த் தட்டு. மடியில் உட்கார வைத்து வாசிக்க மட்டும் மேல் தட்டு. மூன்றாவது, வீட்டில் வேண்டவே வேண்டாம். சாவு, பிரிவு, கோபம் பேசும் புத்தகங்கள் பலவும் மேல் தட்டுக்கு உரியவை. அவற்றை வெளியே தள்ளிவிட்டால், அந்தக் கேள்விகள் வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

ஜூன் 8

3 வயதுக்குள் கதையைவிடப் பொருளே முக்கியம். அழுத்தினால் பாடும் புத்தகங்களில் பட்டன் பேட்டரி, அதாவது காசு போல் தட்டையான சின்ன பேட்டரி, இருக்கும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். மூடியில் ஸ்க்ரூ இல்லையா, மூடி ஆடுகிறதா, அது வீட்டில் இருக்கக் கூடாது. பிய்ந்து வரும் ஒட்டுக்கண், பொத்தான், காந்தம் உள்ளவையும் அப்படியே. ஒன்றுக்கு மேல் காந்தம் உள்ளே போனால், குடலை நடுவே நெரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 12

பயமுறுத்தும் புத்தகங்களில் பயம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் மாரிஸ் செண்டாக்கின் படப்புத்தகம் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963-இல் வந்தது. சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்படும் சிறுவன் குழந்தைகளைக் கலங்கடிப்பான் என்று உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1969-இல் கண்டித்தார், அதுவும் புத்தகத்தைப் படிக்காமலே. அறையிலிருந்து கற்பனையில் கொடும் பிராணிகளின் நாட்டுக்குப் போகும் சிறுவன் கடைசியில் அறைக்குத் திரும்புகிறான். சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. பயம் அங்கே அடங்கிவிடுகிறது.

ஆபத்து தீராமல் முடியும் கதையை 3, 4 வயதில் இரவு வாசிக்க வேண்டாம். பகலில், பேச நேரம் இருக்கும்போது வாசிக்கலாம். குழந்தை ஒரு பக்கத்தை அவசரமாகத் தள்ளினாலோ, அட்டையைக் குப்புற வைத்தாலோ கவனிக்கவும். அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு. பயத்தைப் பழக்கிக்கொள்ளும் முயற்சியாகவும் அது இருக்கலாம். தூக்கம் கெட்டால் மட்டும் மேலே ஏற்றவும், சொல்லிவிட்டு. சொல்லாமல் மறைந்த புத்தகம் இன்னும் பெரிய பூதமாகிவிடும்.

ஜூன் 13

தம்பி, தங்கை பிறக்கும் கதைகள்: பொறாமைக்கு இருபது பக்கம், சமாதானத்துக்கு இரண்டு என்றால் பிரசவத்துக்கு முன் வேண்டாம். கிள்ளுவதை அது கற்றுக்கொடுத்துவிடும். பொறாமை தலைகாட்டிய பிறகு அதுவே மருந்து.

ஜூன் 17

நிறம், உடல், இனம் இவற்றைக் கேலி செய்யும் படங்களுக்கு மேல் தட்டுகூட வேண்டாம். நம் விளக்கம் ஒரு முறை காதில் விழும். படம் ஐம்பது முறை கண்ணில் படும். இத்தகைய படங்களுக்காகவே அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸின் 6 புத்தகங்களை அச்சிடுவதை அவற்றின் உரிமை நிறுவனம் 2021-இல் நிறுத்தியது. பக்கங்களை ஒட்டிவிடலாமே என்றால், குழந்தையின் விரல் முதலில் போவது அங்கேதான். வார்த்தையை மாற்றி வாசிப்பதும் நெடுநாள் ஓடாது: கதையை மனப்பாடம் செய்த குழந்தை திருத்தும், இன்னொருவர் வாசித்தால் உள்ளது உள்ளபடி வந்துவிடும்.

ஜூன் 20

வீட்டில் வாசித்துக் காட்டும் எல்லோருக்கும் காரணம் தெரிய வேண்டும். பின்னட்டையின் உட்புறம் பென்சிலால் தேதியும் காரணமும் எழுதினால் போதும்: 'நாய் துரத்தும் பக்கம், இரவில் வேண்டாம்.' ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்து, காரணம் தீர்ந்திருந்தால் அழித்துவிட்டுக் கீழ்த் தட்டில் வைக்கவும்.