கல்யாணத்துக்கு முன் ஹெச்.ஐ.வி டெஸ்ட்: லேபிலும் ஆஸ்பத்திரியிலும் பட்ட பாடு

கல்யாணத்துக்கு முன்பு இருவருமே ஹெச்.ஐ.வி பரிசோதனை செய்துகொள்வது என்று நானும் எனக்கு நிச்சயித்திருப்பவரும் பேசி முடிவு செய்தோம். அதில் எங்களுக்குள் எந்தத் தயக்கமும் இல்லை.

முதலில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தனியார் லேபுக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவரோ உள்பக்கம் திரும்பி, "அக்கா, ஹெச்.ஐ.விக்கு டாக்டர் சீட்டு வேணுமா?" என்று கத்தினார். சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டு இல்லாமல் எடுக்க மாட்டார்களாம். அதோடு விட்டிருக்கலாம். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கும்மா?" என்று ஒரு கேள்வி வேறு. பக்கத்தில் நின்ற என் வருங்காலக் கணவரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, அரசு மருத்துவமனைக்கே போவோம் என்று கிளம்பினோம். விசாரணை கவுன்ட்டரில் இருந்தவர் முழுதாகக் கேட்காமலேயே, "ரத்தம்னா அந்த வரிசை" என்று கைகாட்டிவிட்டார். நின்று நின்று முன்னால் போனால், இங்கே இல்லை என்கிறார்கள். கடைசியில் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அக்காதான் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் கூடவே வந்து இடத்தைக் காட்டினார். அதற்குள் ஆலோசகர் முகாமுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அன்றைய அலைச்சல் வீண். ஹெச்.ஐ.வி ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அந்த இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். நீங்கள் போனால் நேராக "நம்பிக்கை மையம் எங்கே?" என்று கேளுங்கள், காலையிலேயே போங்கள்.

மறுபடி போனபோது எல்லாம் சுலபமாக முடிந்தது. காசு வாங்கவில்லை. ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார், சம்மதம் கேட்ட பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். தொற்றியவுடனே பரிசோதனையில் தெரியாது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாக நாளாகும், அதனால் சமீபத்தில் ஆபத்தான தொடர்பு இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று விளக்கினார். அப்புறம் ஒரு காண்டம் பாக்கெட்டை எடுத்துக் காலாவதித் தேதியை விரல் வைத்துக் காட்டினார். பல்லால் கிழிக்கக் கூடாது, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று மேஜையில் இருந்த, மரத்தால் செய்த மாதிரி உறுப்பில் செய்தே காட்டினார்.

இதையெல்லாம் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகக் கல்லூரிகளில் நடத்தப்படும் செஞ்சுருள் சங்கம் எங்களுக்கும் இருந்தது. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் பேரணி, கோலப் போட்டி, உறுதிமொழி. பெண்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசிய கூட்டத்தில்கூட காண்டம் என்ற வார்த்தை வரவில்லை. இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். அதே ஊர்க்காரர்களான நாம் இத்தனை வருடம் கழித்தும் பிள்ளைகளிடம் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம்.

ரிசல்ட்டையும் அவரவர் கையில் தனித்தனியாகத்தான் கொடுத்தார்கள். இருவருக்குமே தொற்று இல்லை. "ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுங்களேன்" என்று என் வருங்காலக் கணவர் கேட்டதற்கு, "அவங்களோடத அவங்கதான் உங்களுக்குச் சொல்லணும்" என்றார் ஆலோசகர். 2017ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, ஒருவரின் நிலையை அடுத்தவரிடம் சொல்லவும் கூடாது. எவராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மிக அவசரமானது. காண்டம் கிழிந்தாலோ, வேறு விதத்தில் தொற்று பயம் இருந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.