எங்க ப்ரீஸ்கூல் ரூம்ல ஃபால் சீசன் (இலையுதிர் காலம்): இலை, பூசணி, ஓக் கொட்டை வெச்சு செஞ்சு பார்த்தது

டொரன்டோல ஸ்கார்பரோ பக்கம் ஒரு டேகேர்ல ப்ரீஸ்கூல் ரூம் பார்த்துக்கறேன். ரெண்டரை வயசுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் 16 குழந்தைங்க, நாங்க ரெண்டு டீச்சர் (ஒன்டாரியோல இந்த வயசுக்கு 8 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு). செப்டம்பர் பாதியிலயே இங்க கடைங்க பூரா ஆரஞ்சு கலர் துணி இலை, ஃபோம் பூசணி, பிளாஸ்டிக் மாலைன்னு குவிஞ்சிடும். இந்த வருஷம் அது ஒண்ணும் வேணாம், குழந்தைங்க கையால பொறுக்கினது மட்டும்தான் ரூம்ல இருக்கணும்னு முடிவு பண்ணோம். வெளியில நிஜ இலை கொட்டிக் கிடக்கும்போது உள்ள எதுக்கு பிளாஸ்டிக் இலை, அதை தொட்டா சத்தம் வராது, வாசனை வராது, நொறுங்காது, அந்த வயசுக்கு அதெல்லாம்தானே முக்கியம்.

இலை பொறுக்க ரூஜ் பார்க் போலாமான்னு கூட இருக்கற டீச்சர் கேட்டாங்க. அது நேஷனல் அர்பன் பார்க், அங்கேர்ந்து இலை, கொட்டை, கல்லு எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, அதனால பார்க்க வேணா போலாம், பொறுக்கறது எங்க பக்கத்து தெருவுலயும் டேகேர் முற்றத்துலயும்தான். அதுவே தாராளம். எங்க தெருவுல சுகர் மேப்பிள், ரெட் ஓக், நார்வே மேப்பிள், ஒரு ஜின்கோ மரம் கூட இருக்கு. சுகர் மேப்பிள் அக்டோபர் நடுவுல ஆரஞ்சும் சிவப்புமா உச்சத்துல இருக்கும், நார்வே மேப்பிள் ரொம்ப லேட், நவம்பர் ஆரம்பத்துலதான் மஞ்சளாகும், ஜின்கோ நல்ல குளிர் அடிச்ச ஒரு ராத்திரி தாண்டினா மொத்த இலையையும் ஒரே நாள்ல கொட்டிடும். இந்த வரிசை தெரிஞ்சு வெச்சுக்கிட்டா ஒரே வாரத்துல எல்லாத்தையும் செஞ்சு முடிக்கணும்னு அவசரப்பட வேண்டாம், ஒன்றரை மாசம் நிதானமா ஓட்டலாம்.

நடக்கப் போகும்போது ஒவ்வொருத்தர் மணிக்கட்டுலயும் மாஸ்கிங் டேப்பை பசை பக்கம் வெளிய இருக்கற மாதிரி லூசா ஒரு வளையம் சுத்தி விட்டோம், பொறுக்கின சின்ன இலை, புல்லு, இறகு எல்லாம் அதுல ஒட்டிக்கும். கைப்பை கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல எங்கயாவது வெச்சுட்டு வந்துடுவாங்க, இது கையோடயே இருக்கும், வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட காட்டவும் செய்யலாம். செலவே இல்லாத வேலைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

இப்ப முக்கியமான விஷயம், பொறுக்கின இலையோட கலரை எப்படி காப்பாத்தறது. சும்மா மேசையில போட்டா ரெண்டு நாள்ல சுருண்டு பழுப்பாகிடும். அதனால வேற வேற முறையில ஒரே மரத்து இலையை வெச்சு செஞ்சு பார்த்தேன்.

நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு மேல கனமான புத்தகம் அடுக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சது. முதல் நாள் பேப்பரை மறுநாள் மாத்தினா ஈரம் உறிஞ்சு நல்லா வரும், ஒரு வாரத்துல தட்டையா அழகா இருக்கு, ஆனா குழந்தைங்க கையில கொடுத்தா அப்பளமா நொறுங்குது. வேக்ஸ் பேப்பர் (மெழுகு பூசின பேப்பர்) ரெண்டுக்கு நடுவுல வெச்சு அயர்ன் பண்றதும் பண்ணேன், நீராவி இல்லாம, சூடு கம்மியா வெச்சு, மேல ஒரு மெல்லிசு துண்டு போட்டு வீட்லயே தேய்ச்சு எடுத்துட்டுப் போனேன். ஜன்னல்ல ஒட்டினா வெளிச்சம் பட்டு ஜொலிக்குது, மஞ்சள் இலை அப்படியே நிக்குது, சிவப்பு மட்டும் போகப்போக மங்குது, ஓரம் பிரியுது.

கிளிசரின்தான் நான் எதிர்பார்க்காத அளவுக்கு வேலை செஞ்சது. ஒரு பங்கு கிளிசரின், ரெண்டு பங்கு தண்ணி, தட்டையான ட்ரேல ஊத்தி இலையை முழுசா மூழ்க வெச்சு மேல இன்னொரு தட்டு வெச்சு அமுக்கிட்டேன். நாலஞ்சு நாள் கழிச்சு எடுத்து துடைச்சா இலை தோல் மாதிரி வளையுது, கசக்கினாலும் உடையல. கலர் கொஞ்சம் கருக்குது, உண்மைதான், பளிச்சு சிவப்பு வேணும்னா இது சரிவராது, ஆனா ரெண்டரை வயசுக் குழந்தை தினமும் எடுத்து வெச்சு விளையாடறதுக்கு இதை விட நல்லது எதுவும் இல்ல. கலருக்கு தேன்மெழுகு. டபுள் பாய்லர்ல (கொதிக்கற தண்ணி பாத்திரத்து மேல இன்னொரு பாத்திரம் வெச்சு) மெழுகை உருக்கி, காம்பைப் பிடிச்சு இலையை ஒரு முக்கு முக்கி எடுத்து சொட்ட விட்டா போதும், மழையில நனைஞ்ச மாதிரி கலர் தூக்கிக் காட்டுது, வாரக்கணக்கா அப்படியே இருக்கு. சூடான மெழுகுங்கறதால அதை வீட்ல தனியாத்தான் செய்யணும், குழந்தைங்க பக்கத்துல இருக்கவே கூடாது. ஆக, மாட்டறதுக்கு மெழுகு, விளையாடறதுக்கு கிளிசரின்னு இப்ப பிரிச்சு வெச்சிருக்கேன். கான்டாக்ட் பேப்பர்ல (ஒரு பக்கம் பசை இருக்கற பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டறது குழந்தைங்களே செய்யக்கூடிய வேலை, ஆனா ஈர இலையை ஒட்டினா உள்ள வேர்த்து கறுத்துடும், அமுக்கி காய வெச்ச இலையை மட்டும் கொடுங்க.

ஏன் இலை கலர் மாறுதுன்னு நாலு வயசுக்காரங்க கேக்கறாங்க, கதை சொல்லி ஒதுக்காம காட்டிடலாம்னு தோணுச்சு. பச்சை மேப்பிள் இலையை பொடியா கிழிச்சு, க்ளாஸ்ல போட்டு ரப்பிங் ஆல்கஹால்னு மருந்துக்கடையில கிடைக்கற ஸ்பிரிட் ஊத்தி (இதை நான்தான் செஞ்சேன், ஜன்னல் திறந்து வெச்சு, அவங்க தள்ளி உட்கார்ந்து பார்த்தாங்க), க்ளாஸை வெந்நீர்ல நிக்க வெச்சு, காபி ஃபில்டர் துண்டு ஒண்ணு அதுல தொங்க விட்டா கொஞ்ச நேரத்துல பேப்பர்ல பச்சை ஏறுது, பச்சையோட சேர்ந்து மெல்லிசா மஞ்சள் பட்டையும் ஏறுது. மஞ்சள் இலைக்குள்ள முன்னாடியே இருக்கு, பகல் குறையக் குறைய மரம் பச்சையம் செய்யறதை நிறுத்திடும், பச்சை போனதும் மஞ்சள் தெரியுது, அவ்வளவுதான். சிவப்பு கதை வேற, அது மரம் ஃபால் சமயத்துல இலையில மாட்டிக்கிட்ட சர்க்கரையிலேர்ந்து புதுசா செய்யறது, அதான் பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி உறையாத குளிரும் இருக்கற வருஷம் சிவப்பு அள்ளுது. "மஞ்சள் ஒளிஞ்சு விளையாடுது"ன்னு ஒரு பொண்ணு சொல்லிட்டா, அன்னிக்கு பூரா ரூம்ல அதே பேச்சுதான்.

அலங்காரத்துல ரெண்டு ரூல் எங்களுக்கு. சுவர் பரப்புல 20 சதவீதத்துக்கு மேல பேப்பர் ஒட்டக்கூடாது, ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடிச்சா சீலிங்லேர்ந்து தண்ணி தெளிக்கற குழாய்) இருக்கற இடத்துல அதுக்குக் கீழ 18 இன்ச் எதுவும் தொங்கக்கூடாது, தீ பாதுகாப்புக்காக. எனக்கு இது நல்லதாத்தான் படுது, ஏன்னா சீலிங்ல தொங்க விடறது பெரியவங்க கண்ணுக்குத்தான், மூணு அடி உயரத்துல இருக்கற குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. அதனால காத்துல முறிஞ்சு விழுந்த ஒரு மேப்பிள் கிளையை பக்கெட்ல கல்லு போட்டு நிறுத்தி, மெழுகு இலைகளை நூல்ல கட்டி அவங்க எட்டற உயரத்துல மாட்டினோம். பக்கத்துல ஷெல்ஃபை மூணு படியா வெச்சு, கலம்காரி துணி விரிச்சு, பூசணி, சோளக்கதிர், பைன் கோன் அடுக்கினேன், அது நவராத்திரி வாரம் வேற, கொலு வெச்ச திருப்தி எனக்கு. காலையில வந்ததும் குழந்தைங்க முதல்ல அங்கதான் போறாங்க, எடுத்துப் பார்த்து மறுபடி வைக்கறாங்க, தொடக்கூடாதுன்னு சொல்ற எதுவும் அங்க இல்ல.

ஓக் கொட்டை பத்தி ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். அதுக்குள்ள வீவில்ங்கற சின்ன வண்டோட புழு இருக்கும், ஜாடியில வெச்சா நாலு நாள்ல துளை போட்டு வெளிய வரும். வீட்ல ஓவன்ல 90 டிகிரி செல்சியஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வெச்சு காய வெச்சேன், அப்புறம் பிரச்சனை இல்ல. ஆனா எங்க ரூம்ல மூணு வயசு ஆகாதவங்களும் இருக்காங்க, டாய்லெட் பேப்பர் ரோலோட அட்டைக் குழாய்க்குள்ள நுழையற எதுவும் அவங்க கைக்குப் போகக்கூடாது (வாயில போட்டா தொண்டையில அடைச்சிடும்), போதாததுக்கு நட் அலர்ஜி உள்ள பிள்ளை ஒண்ணு இருக்கு. அதனால கொட்டையை மூடின கண்ணாடி ஜாடியில பார்க்க மட்டும் வெச்சுட்டு, எண்ணறதுக்கும் வகை பிரிக்கறதுக்கும் பெரிய பைன் கோன் கொடுத்தோம். ஹார்ஸ் செஸ்ட்நட்னு ஒரு மரத்தோட பழுப்புக் கொட்டை பளபளன்னு ஆசையா இருக்கும், அது விஷம், ரூமுக்குள்ளயே கொண்டு வரல.

பூசணி வந்தது தேங்க்ஸ்கிவிங் (இங்க கனடாவுல அக்டோபர்ல வர்ற அறுவடைப் பண்டிகை) முடிஞ்சு. சில வீட்ல ஹாலோவீன் கொண்டாட மாட்டாங்க, அதனால முகம் செதுக்காம அறுவடைப் பழமா மட்டும் வெச்சோம். மூணு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மர சுத்தியலும் கோல்ஃப் டீயும் (கோல்ஃப் பந்தை நிறுத்தற சின்ன முளை) கொடுத்து பூசணியில அடிக்க விட்டோம், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டு, ஒரு தடவைக்கு ரெண்டு பேர், பக்கத்துல டீச்சர். இவ்வளவு நேரம் ஒரே இடத்துல கவனமா நின்னு அவங்க வேற எதையும் செஞ்சு நான் பார்த்ததில்ல. பெரிய பூசணி மூழ்குமா மிதக்குமான்னு கேட்டா எல்லாரும் மூழ்கும்னுதான் சொன்னாங்க, டப்ல போட்டதும் மிதந்துச்சு, உடனே வெட்டி உள்ள வெத்திடமா இருக்கறதை காட்டினோம். நாரையும் விதையையும் கையால அள்ள முதல்ல மூணு பேர்தான் வந்தாங்க, மத்தவங்களுக்கு ஸ்பூன் கொடுத்தோம், கட்டாயமில்ல. பாதி பூசணியை மூடி போட்ட பெரிய ஜாடியில மண்ணோட வெச்சிருக்கோம், பூஞ்சை வந்து அமுங்குது, வாரா வாரம் படம் வரையறாங்க.

ஆப்பிளை குறுக்க வெட்டி பெயின்ட்ல முக்கி அச்சு பதிச்சா நடுவுல ஐஞ்சு முனை நட்சத்திரம் விழும். இலை மேல பேப்பர் வெச்சு க்ரேயான் தேய்க்கறதுக்கு, நரம்பு பக்கம் மேல இருக்கணும், க்ரேயானோட பேப்பரை உரிச்சுட்டு படுக்க வெச்சு தேய்க்கணும், அப்பதான் நரம்பு தெளிவா வரும்.

அடுத்த வாரம் பைன் கோனை தண்ணியில போட்டு அது மூடிக்கறதையும், ஹீட்டர் பக்கத்துல காய வெச்சா திரும்ப விரியறதையும் காட்டப் போறோம். வீட்ல வெச்சு பார்த்துட்டேன், மூடறதுக்கு ஒரு மணி நேரம் போதும், விரிய ஒரு ராத்திரி ஆகுது, அதனால சர்க்கிள் டைம் (எல்லாரும் வட்டமா உட்கார்ற நேரம்) ஆரம்பிக்கும்போது தண்ணியில போட்டா ஸ்நாக் டைமுக்கு ரெடியாகிடும்.